காரணம் அந்தப் பக்கத்துக் கணினியில் எழுதியிருக்கிறது

அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு. வார்டில் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அம்மா அசந்து தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறந்து, வீட்டில் இருக்கும் என் டெஸ்க்டாப்புக்குள் போகப் பார்த்தேன். நான் புத்தகங்களுக்கு லேஅவுட் செய்பவள். 412 பக்கப் புத்தகம் ஒன்று அந்த டெஸ்க்டாப்பில் இருந்தது. எழுத்துருக்கள், படங்கள், ஆசிரியர் கடைசியாகக் கேட்டிருந்த திருத்தங்கள் எல்லாமே அதற்குள்தான். மறுநாள் மாலைக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் பாதுகாப்பாகப் போகும் வழியான விபிஎன் இணைந்துவிட்டது. தொலைவில் இருக்கும் கணினியை இங்கிருந்தே இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தேன். உள்நுழைவு விவரங்கள் சரியில்லை என்று ஒரு வரி வந்தது. இன்னும் கவனமாக அடித்தேன். அதே வரி. பெயரை மாற்றிப் பார்த்தேன், கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தேன், மறந்துபோன பழைய கடவுச்சொற்களை எல்லாம் நினைவுபடுத்தி அடித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. என்ன மாற்றினாலும் திரையில் அதே ஒரு வரிதான். கடைசியில் மூடிவைத்துவிட்டு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

இதே சிக்கலில் வேறு யாராவது இப்படி ஒரு இரவைக் கழிக்கக் கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன். நமக்கு முன்னால் இருக்கும் திரை பெரும்பாலும் உண்மைக் காரணத்தைச் சொல்லாது என்பதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. காரணம் அந்தப் பக்கத்துக் கணினியில், அதாவது நாம் நுழையப் பார்க்கும் கணினியில், எழுதியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'இணைக்க முடியவில்லை' என்பது வேறு, 'உள்ளே விட முடியாது' என்பது வேறு. முதலாவது என்றால் அந்தக் கணினி உறங்கிப்போயிருக்கலாம், வெளி இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் தடுத்திருக்கலாம், ரிமோட் டெஸ்க்டாப் வசதியே அணைந்திருக்கலாம், அல்லது அது விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருக்கலாம். ஹோம் பதிப்பிலிருந்து வெளியே இன்னொரு கணினிக்குப் போகலாம். அதற்குள் யாரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வர முடியாது. வருவதற்கு ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற பதிப்புகள் வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட ஒரு வாசலில், காத்திருக்கும். அந்த வாசல் வரை போக முடியாதபோது கடவுச்சொல்லைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. ஆனால் கடவுச்சொல் கேட்டு, வாங்கி, அதன்பிறகு மறுத்தால் வலை, போர்ட், ஃபயர்வால் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். அவற்றைத் தொடவே வேண்டாம். நான் அன்றிரவு விபிஎன்னை மூன்று முறை துண்டித்து மறுபடி இணைத்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

காலை ஏழு மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"டெஸ்க்டாப் முன்னாடி உட்காரு. பின் நம்பர் சொல்றேன், உள்ள போ."

"போயிட்டேன் அக்கா. நல்லாத்தானே இருக்கு?"

"இவென்ட் வியூவர்னு ஒண்ணு இருக்கு. நடந்ததையெல்லாம் கணினி அதுலதான் எழுதி வைக்கும். தேடு. ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா திற. இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள செக்யூரிட்டி."

"ஆயிரக்கணக்குல வரிசையா ஓடுது."

"வலது பக்கம் ஃபில்டர் இருக்கும். 4625னு போடு."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "31 இருக்கு அக்கா. எல்லாம் நேத்து ராத்திரி" என்றான்.

அந்த 31 பதிவுகளும் என்னுடைய 31 முயற்சிகள். 4625 என்பது தோல்வியடைந்த உள்நுழைவின் எண். வெற்றி பெற்றால் 4624. சில கணினிகளில் தோல்விகளைப் பதியும் வசதி இயங்காமல் இருக்கலாம். அப்படியென்றால் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் உள்நுழைவுத் தணிக்கை என்ற பகுதியில் தோல்விக்கும் ஒரு டிக் போட வேண்டும். நான் அதை எப்போதோ போட்டு வைத்திருந்தேன்.

ஒவ்வொரு பதிவையும் திறந்தால் நடுவில் ஸ்டேட்டஸ், சப் ஸ்டேட்டஸ் என்று இரண்டு நீளமான எண்கள் இருக்கும். நடுவில் நிறைய சுழியங்கள் வரும், சிலவற்றில் ஆங்கில எழுத்தும் கலந்திருக்கும். நமக்குக் கடைசி இலக்கங்கள் போதும். தம்பியை வரிசையாக வாசிக்கச் சொன்னேன்.

"64. 64. 64. 64..." ஒன்பது முறை சொன்னான். "இப்ப மாறுது. 6ஏ. 6ஏ..." அது பத்து முறை. "அப்புறம் 234. கடைசி வரைக்கும் 234தான்."

போனை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் திரை இரவு முழுக்க ஒரே வரியைக் காட்டியிருந்தது. அந்தப் பக்கத்திலோ மூன்று வெவ்வேறு காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

64 என்றால் அப்படி ஒரு பயனர் பெயரே இந்தக் கணினியில் இல்லை. கடவுச்சொல்லைப் பற்றிய பேச்சே இன்னும் தொடங்கவில்லை. 6ஏ என்றால் பெயர் சரி, கடவுச்சொல் தவறு. 234 என்றால் தவறுகள் மிகுந்துபோனதால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. இப்போது சரியான கடவுச்சொல்லை அடித்தாலும் திறக்காது.

பத்தாவது முயற்சியிலேயே நான் சரியான பெயருக்கு வந்துவிட்டேன். பாதிச் சிக்கல் அந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டது. ஆனால் திரையில் வரி மாறாததால் அது எனக்குத் தெரியவில்லை. எது தப்பு என்றே தெரியாமல் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி அடித்துக் கணக்கைப் பூட்டும் வரை கொண்டுபோய்விட்டேன்.

திரை ஏன் இப்படி ஒரே வரியைக் காட்டுகிறது? வேண்டுமென்றேதான். வெளியிலிருந்து தட்டுவது யார் என்று கணினிக்குத் தெரியாது. பெயர் சரி, கடவுச்சொல் மட்டும் தவறு என்று அது சொல்லிவிட்டால், உள்ளே நுழையப் பார்க்கும் அந்நியனுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அதனால் வெளியே நிற்பவருக்குப் பெரும்பாலும் பொதுவான மறுப்பு. உள்ளே இருக்கும் நிர்வாகிக்கு முழு விவரம். இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதை அறியாமல் வெளியே நின்று ஊகித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரமும் போகும்.

சரி, என் விஷயத்தில் மூன்றும் எப்படி வந்தன என்று சொல்கிறேன்.

பெயரில் தொடங்கலாம். டெஸ்க்டாப் திரையில் என் முழுப்பெயர் பெரிதாகத் தெரியும். அதுதான் பயனர் பெயர் என்று நினைத்து அதையே அடித்தேன். அது வெறும் காட்சிப் பெயர். கணினிக்குள் என் பெயர் வேறு. மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு விண்டோஸை அமைத்தால், மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகளை எடுத்து அது ஒரு உள்ளூர்ப் பெயரை வைத்துக்கொள்ளும். பயனர் கோப்புறையின் பெயரும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அது மட்டும் இல்லை. நாம் வெறும் பெயரை மட்டும் அடித்தால், எந்தக் கணினியின் கணக்கு அது என்பது தெளிவில்லாமல் போய்விடலாம். உள்நுழைவுப் பெட்டியின் அடியில் டொமைன் என்ற இடத்தில் நம் மடிக்கணினியின் பெயரே வந்து நிற்பதைச் சில சமயம் பார்க்கலாம். என் மடிக்கணினியில் உள்ள ஓர் ஆளைப் பற்றி டெஸ்க்டாப்பிடம் விசாரித்தால் அதற்கு எப்படித் தெரியும்?

அதனால் பெயரை எப்போதும் முழுமையாகக் கொடுக்க வேண்டும். உள்ளூர்க் கணக்கு என்றால் தொலைவில் இருக்கும் கணினியின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், பயனர் பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் 'மைக்ரோசாஃப்ட்அக்கவுன்ட்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து, பேக்ஸ்லாஷ் போட்டு, முழு மின்னஞ்சல். அலுவலகத்தின் கிளவுட் கணக்கில் சேர்ந்த கணினி என்றால் முன்னால் 'அஷூர்ஏடி' என்று வரும். எது நமக்குப் பொருந்தும் என்று சந்தேகம் வந்தால், அந்தக் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'ஹூ ஆம் ஐ' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து அடித்தால் போதும். நீ யார் என்று அந்தக் கணினியே சொல்லிவிடும். தம்பி அடித்து வாசித்தான். டெஸ்க்டாப்பின் பெயர், பேக்ஸ்லாஷ், என் மின்னஞ்சலின் ஐந்து எழுத்துகள். இரவு கோப்புறைப் பெயர் ஞாபகத்துக்கு வந்து பத்தாவது முறை நான் அடித்தது அதைத்தான்.

அடுத்தது கடவுச்சொல். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். தினமும் டெஸ்க்டாப்பில் நான் அடிப்பது ஆறு இலக்கப் பின் எண். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே சொந்தம். அது அந்தக் கணினியை விட்டு வெளியே போகாது, அதற்காகவே உருவாக்கப்பட்டது. விரல்ரேகையும் முகமும் அப்படியே. ரிமோட் டெஸ்க்டாப்பில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பின் எண்ணை அடித்தால் அது வெறும் தவறான கடவுச்சொல்தான். நான் அன்றிரவு அதை இரண்டு முறை அடித்திருந்தேன்.

ஆனால் நான் சரியான கடவுச்சொல்லையும் அடித்தேன். அது ஏன் மறுக்கப்பட்டது? அதற்கு ஒரு மாதத்துக்கு முன் டெஸ்க்டாப்பில் விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்தேன். பின் எண்ணை அமைத்தேன். அதன்பிறகு ஒரு நாள் போனிலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினேன். மாற்றிய பிறகும் டெஸ்க்டாப்பில் பின் எண்ணை வைத்தே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். ஆக, அந்தப் புதிய கடவுச்சொல்லை அந்த டெஸ்க்டாப் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இணையத்தில் அது சரி. அந்தப் பெட்டிக்கு அது அந்நியம்.

தீர்வு சின்னது, ஆனால் கணினியின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ். இந்தக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ மட்டுமே என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆனில் இருந்தால் உள்நுழைவுத் திரையில் கடவுச்சொல் என்ற வழியே தெரியாது. தம்பி அதை அணைத்தான். திரையைப் பூட்டினான். உள்நுழைவுத் தேர்வுகளில் சாவிப் படத்தை அழுத்தி, இணையம் இணைந்திருக்கும்போதே, நான் எழுத்தெழுத்தாகச் சொன்ன கடவுச்சொல்லை அடித்தான். உள்ளே போனது. இந்த ஒரு முறை போதும். அதன்பிறகு அந்தக் கணினிக்கு அது தெரியும்.

மூன்றாவதான பூட்டைப் பற்றிச் செய்ய எதுவும் இருக்கவில்லை. விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவிய கணினிகளில் பத்து தவறான முயற்சிகளுக்குப் பிறகு பத்து நிமிடம் பூட்டு என்பது இயல்பான அமைப்பு. நிர்வாகிக் கணக்குக்கும் இது பொருந்தும். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் தானாகத் திறந்துவிடும். நான் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தேன்.

எட்டு மணிக்குள் உள்ளே போய்விட்டேன். மருத்துவர் சுற்றுக்கு வருவதற்குள் 37 திருத்தங்களில் பாதி முடிந்துவிட்டது. மாலை நான்கு மணிக்குக் கோப்பு போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு இந்த விஷயத்தின் மேல் எனக்குத் தனி ஈடுபாடு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாருக்காவது தொலை உள்நுழைவு மறுக்கப்பட்டால் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கிறேன். இதுவரை பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு வேலை செய்யும் ஓவியர் ஒருவர் தன் கணினிக்குக் கடவுச்சொல்லே வைக்கவில்லை. வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன், எதற்கு என்று விட்டிருந்தார். வெளியிலிருந்து போக முயன்றபோது கணக்குக் கட்டுப்பாடு என்று வந்தது, எண் 6இ. கடவுச்சொல் இல்லாத உள்ளூர்க் கணக்கு நேரில் உட்கார்ந்து நுழைய மட்டுமே என்பது விண்டோஸில் இயல்பாகவே இருக்கும் விதி. அந்த விதியைத் தளர்த்தும் வழிகளும் உண்டு. நான் அவருக்கு அதைச் சொல்லவில்லை. கடவுச்சொல் வைக்கச் சொன்னேன். வைத்தார், வேலை செய்தது.

இன்னொருவருக்கு 15பி வந்தது. பெயரும் சரி, கடவுச்சொல்லும் சரி, ஆனால் தொலைவிலிருந்து நுழையும் உரிமை அந்தக் கணக்குக்கு இல்லை என்பது அதன் பொருள். நிர்வாகிகளுக்கு அந்த உரிமை தானாக இருக்கும். சாதாரணக் கணக்கை ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். 72 வந்தால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 71 வந்தால் கடவுச்சொல் காலாவதி.

224 கொஞ்சம் வேதனையானது. அடுத்த முறை நுழையும்போது கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்று நிர்வாகி குறித்து வைத்திருக்கிறார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மாற்றத்தான் அவர்கள் உள்ளே போகிறார்கள். மாற்றாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறது கணினி. இதற்குக் காரணம் என்எல்ஏ எனப்படும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பழைய முறையில், நாம் இணைந்ததுமே அந்தப் பக்கத்துக் கணினி ஒரு முழு உள்நுழைவுத் திரையை வரைந்து நமக்கு அனுப்பும். அதில் நாம் பெயரை அடிப்போம், கடவுச்சொல்லை மாற்றுவோம். விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த என்எல்ஏ இதைத் தலைகீழாக்கியது. முதலில் நீ யார் என்பதை நிரூபி, பிறகுதான் திரை. நிரூபிக்கும் கட்டத்தில் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இடமே இல்லை. அதனால் காலாவதியான கடவுச்சொல்லோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். வேறு வழியில் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு வர வேண்டும்: அலுவலகத்தின் இணையப் பக்கம், நேரில் ஒரு கணினி, அல்லது நிர்வாகியிடம் சொல்லி அந்தக் குறியை எடுப்பது.

தேடிப் பார்த்தால் என்எல்ஏவை அணைத்துவிடு, சரியாகிவிடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அணைத்தால் சில சமயம் சரியாகும்தான். ஆனால் நான் அதற்கு உடன்படமாட்டேன். 2019 மே மாதம் புளூகீப் என்று பெயர் பெற்ற ஓர் ஓட்டை வெளியானது. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே, பழைய விண்டோஸ் பதிப்புகளுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்துவிடக்கூடிய ஓட்டை. 2014லேயே ஆதரவு முடிந்துபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது என்றால் அதன் தீவிரம் புரியும். என்எல்ஏ ஆனில் இருந்த கணினிகளில், நுழைபவர் முதலில் ஒரு சரியான பெயரும் கடவுச்சொல்லும் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் காவலை ஒரு நாள் வசதிக்காக எடுத்துவிட்டு மறந்துபோகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதே மாதிரி 2018இல் நடந்ததும் நினைவிருக்கிறது. நுழைவு விவரங்களைக் கொண்டுசெல்லும் கிரெட்எஸ்எஸ்பி என்ற முறையில் ஒரு குறை இருந்து, மார்ச் மாதம் திருத்தம் வந்தது. மே மாதத்து அப்டேட், திருத்தம் போடாத கணினிகளோடு பேச மறுக்கும்படி இயல்பு அமைப்பை மாற்றியது. அன்று பலருடைய திரையில், உறுதிப்படுத்தலில் பிழை, கேட்ட செயல்பாட்டுக்கு ஆதரவு இல்லை என்று வந்தது. நம் கணினியின் அமைப்பைத் தளர்த்தினால் உடனே வேலை செய்யும். ஆனால் கோளாறு நம்மிடம் இல்லை. அப்டேட் போடாமல் கிடக்கும் அந்தப் பக்கத்துக் கணினியில். அதை அப்டேட் செய்வதுதான் வழி. இன்றைக்கும் பழைய கணினி ஒன்றை யாராவது தூசி தட்டி எடுத்து இணைக்கும்போது இந்த வரி தலைகாட்டும்.

சேமித்து வைத்த கடவுச்சொல் இன்னொரு தொல்லை. முன்பு ஒரு முறை 'நினைவில் வை' என்று டிக் போட்டிருப்போம். பிறகு கடவுச்சொல் மாறியிருக்கும். மடிக்கணினியோ பழையதையே எடுத்து நீட்டிக்கொண்டிருக்கும், சில வேளை நம்மைக் கேட்காமலே. கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் அந்தக் கணினியின் பெயரோடு 'டெர்ம்எஸ்ஆர்வி' என்று தொடங்கும் வரியை நீக்கிவிட்டால் அடுத்த முறை புதிதாகக் கேட்கும். கணக்கு காரணமில்லாமல் அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்றால் இதை முதலில் பார்ப்பேன்.

கணக்கு பூட்டிக்கொள்வதற்கு இன்னும் மோசமான காரணமும் உண்டு. லேஅவுட் செய்யும் நண்பர் ஒருவர் விபிஎன் இல்லாமல், ரூட்டரில் 3389ஐ நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார். அவருடைய 4625 பதிவுகளைத் திறந்தபோது இருவருமே பேச்சிழந்தோம். அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், யூசர் என்று யார் யாரோ நிமிடத்துக்குப் பலமுறை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கணக்கின் பெயரும் அந்தச் சாதாரணப் பெயர்களில் ஒன்றுதான். அது பூட்டியபோதெல்லாம் அவரும் வெளியே நிற்க வேண்டியிருந்தது. அன்றே ரூட்டரில் அந்த வாசலை மூடினோம். விபிஎன் போட்டுக்கொடுத்தேன். பூட்டும் தொல்லை அதோடு நின்றது.

அப்புறம் விசைப்பலகை. அமெரிக்க அமைப்பில் ஷிஃப்டும் 2ம் சேர்த்து அழுத்தினால் மின்னஞ்சலில் வரும் 'அட்' குறி வரும். பிரிட்டிஷ் அமைப்பில் அதே இடத்தில் இரட்டை மேற்கோள் குறி. கடவுச்சொல் புள்ளிகளாகத் தெரிவதால் மாறியது தெரியாது. முதல் உள்நுழைவில் நம் பக்கத்து விசைப்பலகை அமைப்புதான் பொருட்டு. ஆனால் ஏற்கெனவே திறந்திருந்த வேலை பூட்டிக்கொண்டு, அந்தத் திரையின் மேலேயே மறுபடி கடவுச்சொல் கேட்கும்போது அங்கே இருக்கும் அமைப்பு குறுக்கே வரலாம். தமிழ்99 ஆனில் இருக்கும் கணினியில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. பயனர் பெயர்ப் பெட்டியில் அந்தக் குறியை மட்டும் ஒரு முறை அடித்துப் பார்த்து அழித்துவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

அலுவலகம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் இருப்பவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ஆளை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறை, இரு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே இயல்பாக ஐந்து நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போன கணினிகள் இதில் மாட்டும்.

விண்டோஸுக்கு வெளியேயும் கதை இதேதான். லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் தோழி ஒருத்தி, தொலைவிலிருந்து அதற்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் போனால் அனுமதி மறுப்பு என்று மட்டும் வருகிறது என்றாள். கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பை மூன்று முறை புதிதாக உருவாக்கியிருந்தாள். சர்வரின் பதிவைப் பார் என்றேன். அங்கே தெளிவாக எழுதியிருந்தது: கோப்புறையின் உரிமையாளர் அல்லது அனுமதி சரியில்லை, அதனால் மறுத்தேன் என்று. அவள் ஹோம் கோப்புறையில் மற்றவர்களும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருந்தாள். பிறர் கை வைக்கக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை எஸ்எஸ்எச் நம்பாது. ஹோமில் அந்த அனுமதியை எடுத்து, எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, அதற்குள் அனுமதிச் சாவிக் கோப்புக்கு 600 என்று, அதாவது உரிமையாளருக்கு மட்டும் என்று, வைத்ததும் திறந்துவிட்டது. சாவியில் ஆரம்பம் முதலே எந்தக் குறையும் இல்லை.

அம்மா வீட்டுக்கு வந்த வாரத்தில் சில வேலைகள் செய்தேன். போனில் சொன்ன பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் மாற்றினேன். மாற்றிய கடவுச்சொல்லைக் கையோடு டெஸ்க்டாப்பில் ஒரு முறை அடித்து உள்ளே போனேன். 'ஹூ ஆம் ஐ' சொன்ன பெயரைக் குறிப்பேட்டில் எழுதினேன். தம்பிக்கு அந்த டெஸ்க்டாப்பில் தனியாக ஒரு நிர்வாகிக் கணக்கு போட்டுக்கொடுத்தேன். என் கணக்கு பூட்டினாலும் அவன் உள்ளே போய்ப் பார்க்கலாம். இப்போது வெளியே கிளம்புவதற்கு முந்தைய நாள், வீட்டு வைஃபையை விட்டு விலகி, போன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து ஒரு முறை டெஸ்க்டாப்புக்குள் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

போன மாதம் அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். காத்திருக்கும் நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து நுழைந்தேன். மறுத்தது. இரண்டாவது முறை அடிக்காமல் தம்பிக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "அக்கா, 6ஏ. பேரு சரிதான். கீபோர்டு எதுல இருக்குன்னு பாரு."

பார்த்தேன். பிரிட்டிஷில் இருந்தது. மாற்றிவிட்டு அடித்தேன். டெஸ்க்டாப் திறந்தது.